வீட்டுக்குள் பிறக்கும் பாட்டு

காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்தவர் கண்ணதாசன். எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட, கவிஞர் வரிகளைச் சொல்லச் சொல்ல, அதே ஊர்க்காரரான பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். பாட்டு பிறக்கும்போதே அதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

இன்று வீட்டிலேயே ஆல்பம் செய்பவர் பெரும்பாலும் தனி ஆள். ஒரு மைக், ஒரு லேப்டாப் போதும். ஸ்டுடியோ வாடகை இல்லை. நள்ளிரவில் தோன்றிய மெட்டை அப்போதே பதிந்துவிடலாம். 1992-ல் வந்த 'ரோஜா' பாடல்களை ஏ.ஆர்.ரஹ்மான் உருவாக்கியதும் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு அமைத்த ஸ்டுடியோவில்தான்.

சிக்கலும் அந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது. கெடு வைக்க ஆளில்லை. பல்லவி ஒரே மூச்சில் வந்துவிடும். சரணமோ மாதக்கணக்கில் இழுக்கும். மெட்டு இம்மி பிசகாது. 'மழை' அமர்ந்த இடத்தில் 'வானம்' அமராது. அதன் முதலெழுத்து நெடில். பொருள் பிடித்த சொல்லையும் மனசில்லாமல் அடிக்க வேண்டிவரும்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சோதனை, எதிரொலி.

வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உயர்ந்த கூரையும் குரலைத் திருப்பி அனுப்பும். கனத்த போர்வைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, தரையில் ஜமக்காளம் விரித்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாடினால் பெருமளவு அடங்கும். கூடத்தைவிட, துணிமணி நிறைந்த சின்ன அறை நல்லது.

எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவு செய்யும் முன், பாட்டை வீட்டில் ஒருவரிடமாவது பாடிக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரியை மறுபடி எழுதுங்கள்.