ஆறு கிலோவில் நின்ற முள்

போளூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் 72 கிலோ எடையோடு தொடங்கி, இரவுச் சோற்றை நிறுத்திச் சாமைக் கஞ்சிக்கு மாறி, விடியலில் சம்பத்கிரி மலையடிவாரத்தில் நடந்து, பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குப் போய்ப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலமும் வந்து, ஆனி பிறப்பதற்குள் ஆறு கிலோ இளைத்துவிட்ட அந்த அம்மையாருக்கு, அதன் பிறகு எடை இயந்திரத்தின் முள் அசையவே மாட்டேன் என்கிறதாம். "என் உடம்பில் கோளாறா, அல்லது சாமையில் கலப்படமா?" என்று கேட்கிறார். இரண்டும் இல்லை.

முதலில் சாமையின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுவோம். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் அந்தத் தானியம் அருமையானது. ஆனால் 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது முதல் பொட்டலங்களின் மேல் அச்சாகும் வாக்குறுதிகளைச் சாமை தானாகக் கொடுத்ததில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் நூறு கிராம் சாமைக்கு 346 கலோரி என்றும், தீட்டிய பச்சரிசிக்கு 356 கலோரி என்றும் கண்டிருக்கிறது. இந்தப் பத்துக் கலோரி வித்தியாசத்தில் இளைத்தவர் உலகில் இல்லை. நார்ச்சத்து கூடுதல் என்பதால் கொஞ்சம் தின்றதும் போதுமென்று தோன்றலாம். அம்மையார் இளைத்தது அளவு குறைந்ததால்தான். கிரிவலத்தைப் பொறுத்தவரை, ஒரு சுற்றுக்குக் கரையும் கொழுப்பு நூறு கிராம் அளவில்தான் இருக்கும். புண்ணியக் கணக்கு வேறு.

சரித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 7,700 கலோரி சமம் என்று கணக்கிட்டார். கணக்கு தவறல்ல, ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்கள் நாளுக்கு 500 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு 24 கிலோ குறையும் என்று பெருக்கிக் காட்டிவிட்டார்கள். இந்தப் பெருக்கலை நம்பினால் நம் போளூர் அம்மையார் மூன்றாண்டு முடிவில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோக வேண்டும். எத்தனையோ உணவுத் திட்டங்கள் இன்றும் இதையே விற்றுக்கொண்டிருக்கின்றன.

உண்மையில் சரீரம் ஓர் ஏரியைப் போன்றது. வரத்துக்கால் வழியே வருவது உணவு. மதகு வழியே போவது செலவு. நிற்கும் நீர்மட்டம் எடை. வரத்தைச் சற்றே குறைத்தால் ஏரி அடியோடு வற்றிவிடும் என்று ஏரிப்பாசன ஊரில் பிறந்த எவரும் சொல்லமாட்டார். மட்டம் இறங்க இறங்க மதகில் அழுத்தம் குறைந்து, வெளியேறும் நீரும் குறைந்து, வரத்தும் போக்கும் சமப்படும் ஓரிடத்தில் மட்டம் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். சிறுத்த உடம்பைச் சுமக்கவும் நடத்தவும் ஆகும் செலவு குறைவு, அவ்வளவே விஷயம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் 2011-இல் இதைக் கணிதமாக்கி, நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் முடிவில் ஒரு கிலோ குறையும், அதிலும் பாதி குறையவே ஓராண்டு ஆகும் என்று காட்டினார்.

ஆனால் இந்தக் கணக்கின்படி எடை சில ஆண்டுகள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். மனிதர்களோ ஆறாவது எட்டாவது மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஏனென்றால் இந்த ஏரியின் மதகைத் திறந்து மூடும் காவல்காரன், அதாவது நீர்க்கட்டி, ஒருவன் உண்டு. மட்டம் இறங்கியதை, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற அளவுகோலில் கண்டுகொண்டு, அவன் மதகைக் கொஞ்சம் அடைப்பான். அது அவனுக்குச் சில்லறை வேலை. அதைவிடப் பன்மடங்கு ஊக்கத்தோடு மேலே ஓடி, நாம் வரத்துக்காலில் அரும்பாடுபட்டுப் போட்ட அணையை யாரும் பார்க்காதபோது வெட்டிவிடுவதே அவனுடைய பிரதான உத்தியோகம். அந்த வெட்டுக்குத்தான் பசி என்று பெயர். கலங்கல் எங்கே என்று கேட்பவருக்கு, ஏரி நிரம்பி வழியும்போது இவன் அவ்வளவாகப் பதறுவதில்லை என்பதே மனித குலத்தின் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். மீன் குத்தகை யாருக்கு என்று கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை.

அவன் எவ்வளவு வெட்டுகிறான் என்பதை அளந்த உபாயம் இருக்கிறதே, அதைத்தான் நான் வியந்து வியந்து படித்தேன். சாப்பிட்டதை எழுதி வையுங்கள் என்று ஜனங்களிடம் சொன்னால் பயனில்லை. குழந்தை தட்டில் மிச்சம் வைத்த இரண்டு வாயும், மாலைக் காபியோடு உள்ளே போன முறுக்கும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. இங்கே கைகொடுத்தது ஒரு மாத்திரை. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் கனாகிளிஃப்ளோசின் என்ற அது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 360 கலோரிக்குரிய சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. நோயாளிக்கு அந்த நஷ்டம் தெரிவதே இல்லை. உபவாசமில்லை, சங்கற்பமில்லை, கரையில் ஒரு ரகசிய ஓட்டை மட்டும். பழைய பெருக்கலின்படி, அந்த மாத்திரையை உட்கொண்ட நோயாளிகள் ஓராண்டில் 17 கிலோ குறைந்திருக்கவேண்டும்; ஆனால் சில கிலோ குறைந்ததும் நின்றுவிட்டார்கள். அந்த எடைக்கோட்டைக் கணிதத்தில் இட்டு, அவர்கள் என்ன தின்றிருக்கவேண்டும் என்பதை யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே பின்னோக்கிக் கணித்து, ஹாலும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட முடிவு இது: குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு நூறு கலோரி வீதம் பசி ஏறுகிறது, உடலின் செலவு குறைவதோ கிலோவுக்கு இருபது முப்பது கலோரிதான். அதாவது ஒரு கிலோ இளைத்தால், தினமும் கூடுதலாக இரண்டு சின்ன இட்லியை உடம்பு கேட்கிறது.

இப்போது அம்மையாரின் கணக்கைப் பார்க்கலாம். கிலோவுக்குப் பசியும் செலவும் சேர்ந்து 125 கலோரி என்று வைத்தால், ஆறு கிலோவுக்கு 750. முதல் வாரத்தில் அவருடைய மனவுறுதி நாளுக்கு 750 கலோரியைத் தடுத்து நிறுத்தியதென்றால், அதே உறுதி எள்ளளவும் தளராமல் இன்றும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அன்று எடையை இறக்கிய அந்தப் பிரயத்தனம் முழுவதும், இன்று இறங்கிய எடை ஏறாமல் காப்பதற்கே செலவாகிவிடுகிறது. இவை சராசரி எண்கள், ஆளுக்கு ஆள் மாறும் என்பது வாஸ்தவம். என்றாலும், நின்றுபோன முள்ளைப் பார்த்துச் சோம்பேறி என்று வீட்டார் ஏசுவது அநியாயம்.

எடை குறைக்கும் ஊசிகளான மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்தபோது பத்திரிகைகள் எழுப்பிய ஆரவாரத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்த ஊசிகள் செய்வது நீர்க்கட்டியைத் தூங்கவைப்பது. வெகோவியின் மருந்தான செமாகுளூடைடைப் பரிசோதித்தபோது 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 சதவிகிதம் குறைந்தது, மெய்தான். அங்கேயும் எடை ஒரு கட்டத்தில் நின்றது. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. இந்தக் கடைசிச் செய்தியை விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடக் காணோம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? உணவாலும் நடையாலும் ஐந்து முதல் பத்து சதவிகிதம் வரை குறைத்து அதைக் காப்பாற்றுபவர் சாதித்தவர். அம்மையார் எட்டு சதவிகிதத்தைத் தாண்டிவிட்டார். மேலும் ஒரு கிலோ வேண்டுமானால் அதன் விலை நாளொன்றுக்கு இன்னொரு 125 கலோரி, ஆயுள் பரியந்தம். கட்டுபடியாகுமா என்று அவரே தீர்மானிக்கட்டும். தவிர, எடை முள் ஒன்றே நீதிபதி அல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்திருந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி குறையவே இல்லை.

ஆகவே எடை நின்றவர்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், முள்ளின் மேல் உள்ள கோபத்தில் கஞ்சியை மேலும் குறைக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.