கூடிக் கற்றலை அளத்தல்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில், 1991 முதல் 1995 வரை, இதய அறுவைக்குப் பின் ஓராண்டு நிறையாத குழந்தைகள் எதிர்பார்க்கத்தக்க அளவினும் 30 முதல் 35 வரை மிகுதியாக இறந்தனர். இதனை ஆராய்ந்து 2001-இல் வெளிவந்த அறிக்கை, ஆங்குப் பணியாற்றினோர் ஒருங்கிசைந்து உழையாமையையும் ஒரு குறையாகக் கண்டது. மருத்துவரும் செவிலியரும் பிறரும் மாணவப் பருவத்திலேயே கூடிக் கற்றல் வேண்டுமென்றும் கூறிற்று.

கூடிக் கற்றோர் உண்மையில் ஒத்துழைக்கக் கற்றனரா என அறிவது எங்ஙனம்? 1999-இல் பார்செல், பிளை என்னும் இருவர் 19 கூற்றுகள் அடங்கிய வினாத்தாளொன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றுக்கும் தாம் எவ்வளவு உடன்படுகின்றார் என்பதை மாணவர் குறித்தல் வேண்டும். எளிய முறையாதலின் பல நாடுகளிலும் பரவிற்று. ஆயின் இஃது அளப்பது மனப்பாங்கையேயன்றிச் செயலையன்று. ஆசிரியர் விரும்பும் விடை யாதென ஊகித்தெழுதுதல் மாணவராகிய நமக்குப் புதிதோ?

பயிற்சியின் பயனைக் கிர்க்பாட்ரிக் என்பார் விருப்பு, கல்வி, நடத்தை, விளைவு என நான்கு படிகளாக வகுத்தார். இத்துறை ஆய்வாளர் அவற்றை ஆறாக விரித்து, மனப்பாங்கின் மாற்றத்தை இரண்டாம் படியிலேயே வைத்தனர். உச்சியில் நிற்பது பிணியாளர் பெறும் நலம். அந்நலம் பயிற்சியால் வந்ததோ பிறிதொன்றால் வந்ததோ எனப் பிரித்தறிதல் மிக அரிது.

ஆதலின் இடைப்படியாகிய நடத்தையைக் காணுதலே கைகூடும் வழி. சுவீடன் நாட்டு லின்ஷோப்பிங்கில் 1996-இல் மாணவர்க்கெனவே நோயாளர் கூடமொன்று திறக்கப்பெற்றது. ஆங்குப் பல துறை மாணவரும், ஆசிரியர் மேற்பார்வையில், அதே பிணியாளரைச் சேர்ந்து பேணினர். இத்தகைய கூடத்தில், மருந்தின் அளவில் ஐயுற்ற செவிலி மாணவி அதனை வாய்விட்டுக் கூறுகின்றாரா, மருத்துவ மாணவர் அதற்குச் செவிசாய்க்கின்றாரா என்பதை ஆசிரியர் அருகே நின்று காணலாம்.