பழைய காரின் வழிகாட்டித் திரையை மாற்றப் போகிறீர்களா? வயரைத் தொடும் முன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கார் வாங்கியவர்களில் பலர் உயர் ரக மாடலுக்காகக் கூடுதல் தொகை செலுத்தினர். அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, டேஷ்போர்டின் நடுவே பதிக்கப்பட்டிருந்த நேவிகேஷன் திரை. அந்தக் கார்களின் எஞ்சின் இன்றும் நன்றாகவே ஓடுகிறது. திரைக்குள் இருக்கும் இந்தியாதான் பழையதாகிவிட்டது.

முதலில் மாநிலம், பிறகு நகரம், அதன்பின் தெரு என்ற வரிசையில் தேட வேண்டிய பழைய கருவிகளில், 2014ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி உருவான தெலங்கானாவின் பெயரே இருக்காது. ஹைதராபாத்துக்கு வழி கேட்க வேண்டுமெனில் ஆந்திரப் பிரதேசத்தைத்தான் தேர்வு செய்தாக வேண்டும். குர்கான் கிடைக்கும், குருகிராம் கிடைக்காது. அலகாபாத் உண்டு, பிரயாக்ராஜ் இல்லை.

பெயர் மாற்றங்களையாவது நினைவில் வைத்துச் சமாளித்துவிடலாம். இல்லாத சாலையை என்ன செய்வது? ரோத்தங் கணவாய்க்கு அடியில் 9.02 கி.மீ. நீளும் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. டெல்லி - மும்பை விரைவுச்சாலையின் சோனா - தௌசா பகுதியும், பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையும் 2023இல் திறக்கப்பட்டன. மும்பையில் 21.8 கி.மீ. நீளமுள்ள அடல் சேது 2024 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய வரைபடம் கொண்ட கார் இந்தப் பாலத்தின் மீது செல்லும்போது, திரையில் அது நடுக்கடலில் மிதந்துகொண்டிருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010இல் மாற்றி அறிவிக்கப்பட்டதால், கன்னியாகுமரி வரை வரும் இன்றைய 44ஆம் எண் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி, பழைய வரைபடங்களில் 7ஆம் எண்ணாகவே நிற்கிறது. சாலைப் பலகை ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொல்லும் நிலையில் ஓட்டுநர் எதை நம்புவது?

வரைபடத்தை மட்டும் புதுப்பிக்க முடியாதா?

சில கார்களில் முடியும். எனவே முதலில் விசாரிக்க வேண்டிய இடம் உதிரிபாகக் கடை அல்ல, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம். சில மாடல்களுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே வசதிகளே பிற்காலத்தில் மென்பொருள் புதுப்பிப்பு வழியாக வழங்கப்பட்டன. அந்த வாய்ப்பு இருந்தால், எதையும் கழற்றாமலே வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலான பழைய கருவிகளில் அந்த வாய்ப்பு இல்லை. அவற்றின் வரைபடம் ஓர் எஸ்.டி. கார்டிலோ, இன்னும் பழையவற்றில் டி.வி.டி.யிலோ இருக்கிறது. பல நிறுவனங்கள் கார்டை அந்தக் குறிப்பிட்ட கருவியோடு பிணைத்தே விற்றன. நகல் எடுத்துப் போட்டால் திரை ஏற்காது. கருவியின் உற்பத்தி நின்றபின், அதற்கென வரைபடம் தயாரிப்பதும் படிப்படியாக நின்றுவிடுகிறது.

கருவிக்கே வயதாகும் விதம் ஒன்றும் உண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தேதியை நாள், மாதம், ஆண்டு என அனுப்புவதில்லை. வார எண்ணாகவே அனுப்புகின்றன. பழைய வகை சமிக்ஞையில் அந்த எண்ணுக்கு 10 பிட் இடம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 19 ஆண்டு ஏழரை மாதங்களில், எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு நிகழ்ந்தது. அடுத்த முறை 2038 நவம்பரில் நிகழும். மென்பொருள் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, சில கருவிகள் இடைப்பட்ட காலத்திலும் தடுமாறும். 2022 ஜனவரியில் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் ஓடிய பழைய ஹோண்டா கார்கள் பலவற்றின் கடிகாரம் திடீரென 2002ஆம் ஆண்டுக்குத் திரும்பியது, இதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டது. இத்தகைய கோளாறில் கார் நிற்கும் இடம் பெரும்பாலும் சரியாகவே தெரியும். தேதியும், சென்றடையும் நேரமும்தான் பிசகும். ஆகவே பழைய திரையில் தேதி தவறாக இருந்தால், உடனே பேட்டரியையோ வயரிங்கையோ குறை கூற வேண்டியதில்லை.

புதிய கருவி எதைத் தருகிறது?

இன்று சந்தையில் கிடைப்பவை இரு வகை. முதலாவது, செல்போனில் ஓடும் வரைபடத்தைக் காரின் திரைக்குக் கொண்டுவரும் கருவி. ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ஆகியவை இவ்வகை. வரைபடமும் போக்குவரத்து நெரிசல் தகவலும் செல்போனிலிருந்தே வருவதால், திரை பழையதானாலும் வரைபடம் பழையதாவதில்லை. இரண்டாவது, தானே ஒரு டேப்லெட் போலச் செயல்படும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. இதற்குத் தனியாக சிம் கார்டு அல்லது செல்போனின் ஹாட்ஸ்பாட் தேவை. முதல் வகை வசதியும் இதில் சேர்த்தே தரப்படுவதுண்டு.

நீண்ட நாள் பயன்பாட்டுக்கு முதல் வகையே ஏற்றது எனலாம். இரண்டாவது வகையின் செயலியும் நினைவகமும் மூன்று, நான்கு ஆண்டுகளில் திணறத் தொடங்கிவிடும். பழைய திரையை எந்தக் காரணத்துக்காகக் கழற்றினோமோ, அதே காரணத்துக்காக இதையும் கழற்ற வேண்டி வரும். மலிவான ஆண்ட்ராய்டு கருவிகள் சிலவற்றின் அமைப்புப் பக்கத்தில் 8 ஜி.பி. ராம், அண்மைய ஆண்ட்ராய்டு பதிப்பு என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதோ பழைய பதிப்பும் அதில் பாதிக்கும் குறைவான நினைவகமும். வன்பொருள் விவரங்களைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கடையிலேயே அதில் நிறுவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பழைய கருவியிடம் இருந்து புதியவற்றில் பல இழந்துவிட்ட ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். காருடன் வந்த நேவிகேஷன் கருவிகள் பலவும் சக்கரத்தின் வேகத்தையும் கார் திரும்பும் கோணத்தையும் உணரிகள் வழியே பெற்றன. செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத சுரங்கப்பாதையிலும் கார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அவற்றால் கணக்கிட முடிந்தது. வெளியில் வாங்கிப் பொருத்தும் கருவிகளுக்குப் பெரும்பாலும் இந்த இணைப்பு கொடுக்கப்படுவதில்லை. பழைய கருவிக்கு இணையமும் தேவைப்படவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளிலோ லடாக்கிலோ செல்போன் கோபுரம் எட்டாத இடத்தில் அது தன் போக்கில் வழி காட்டிக்கொண்டிருந்தது. புதிய கருவிக்கு மாறுவோர், பயணத்துக்கு முன் அந்தப் பகுதியின் வரைபடத்தைச் செல்போனில் பதிவிறக்கம் செய்துகொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நேரலை வரைபடம் என்பதாலேயே அது பிழையற்றது என்றும் ஆகிவிடாது. உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தின் மீது ஏறிய கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து, 2024 நவம்பரில் மூவர் உயிரிழந்தனர். வழிகாட்டிச் செயலி காட்டிய பாதையில் அந்தக் கார் சென்றதாகக் கூறப்பட்டது. பாலத்தை மறித்து எச்சரிக்கைத் தடுப்பு இல்லாததும் அப்போது கேள்விக்குள்ளானது.

திரைக்குப் பின்னால் இருப்பவை

மாற்றும் பணியில் சிக்கல் தொடங்குவது வரைபடத்தில் அல்ல. பழைய திரை வெறும் வரைபடப் பெட்டியாக இருந்ததில்லை. ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார், ஸ்டீயரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான்கள், கைபேசி அழைப்புக்கான மைக் ஆகியவை அதனோடு பிணைந்திருக்கும். சில மாடல்களில் ஏ.சி.யின் அளவும், கதவுப் பூட்டு போன்ற அமைப்புகளும் அதே திரையில்தான் தெரியும். திரையைக் கழற்றினால் இவையும் உடன் போகும்.

எனவே கடைக்குச் செல்லும் முன் அரை மணி நேரம் காரில் அமர்ந்து, அந்தத் திரை செய்யும் ஒவ்வொரு வேலையையும் தாளில் எழுதி வைப்பது நல்லது. 'புதிய கருவியில் இவை அனைத்தும் இயங்குமா' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஏ.சி. அல்லது வாகன அமைப்புகள் திரையோடு பிணைந்த மாடலாக இருந்தால், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கேன்பஸ் பாக்ஸ் கிடைக்காதவரை மாற்றாமல் இருப்பதே அறிவுடைமை. அத்தகைய காருக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நல்ல செல்போன் ஹோல்டரே போதும். கடைக்காரருக்கு இந்த யோசனை பிடிக்காது.

கேமராவில் தனிக் கவனம் தேவை. பல டொயோட்டா மாடல்களில் நிறுவனம் பொருத்திய கேமரா 6 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்குவது. புதிய கருவியின் 12 வோல்ட் இணைப்பை நேரடியாகக் கொடுத்தால் அது கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு இணைப்பான் போதும். அது தேவை என்று பொருத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான கார்களில் உள்ளது 'டபுள் டின்' எனப்படும் 180 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட இடம். டொயோட்டா கார்கள் பலவற்றில் அகலம் 200 மி.மீ. ஒன்பது, பத்து அங்குலத் திரைகளுக்கு அந்தந்த மாடலுக்கான பிரேம் தனியாக வாங்க வேண்டும். பிரேம் சரியாகப் பொருந்தாவிட்டால், மேடு பள்ளச் சாலையில் டேஷ்போர்டு ஓயாமல் சத்தமிடும்.

வெட்டக் கூடாத வயர்

டெல்லி கரோல் பாக், பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற சந்தைகளில் இப்பணியை ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். வேகம் தவறல்ல. அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதே கேள்வி. காரின் வயர்களை வெட்டாமல், அந்த மாடலுக்கான கப்ளரை இடையில் செருகி இணைப்பது ஒரு முறை. கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது இன்னொரு முறை. இரண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. டெல்லியின் கோடை வெயிலில் டேப்பின் பசை இளகி, வயர் விலகி உரசினால் ஷார்ட் சர்க்யூட் ஏற்படும். டேஷ்போர்டுக்குள் தொடங்கும் தீயை ஓடும் காரில் கண்டுபிடிப்பது கடினம். கப்ளரின் விலை, புதிய கருவியின் விலையில் மிகச் சிறு பங்கு.

வெளியில் வாங்கும் கருவிகளில் வழக்கமாக மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் பெறுவது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நிரந்தர மின்சாரத்தில் இணைத்துவிட்டால் கருவி உறங்கவே உறங்காது. நான்கைந்து நாள் நிறுத்தி வைத்த கார் ஸ்டார்ட் ஆகாமல் போனால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுவே. ஃபியூஸ் போனால், அதே அளவுள்ள ஃபியூஸைத்தான் மாற்ற வேண்டும்.

ஜி.பி.எஸ். ஆன்டெனாவை டேஷ்போர்டின் மேற்பரப்புக்கு அருகே, கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டும். கருவியின் உலோகப் பெட்டிக்குப் பின்னால் திணித்துவிட்டால் சமிக்ஞை பலவீனமாகி, கார் பக்கத்துத் தெருவில் செல்வதாகத் திரை காட்டும். பணம் செலுத்தும் முன் ரிவர்ஸ் கியர் போட்டு கேமராவையும், ஸ்டீயரிங் பொத்தான்களையும், ஒரு செல்போன் அழைப்பையும், முகப்பு விளக்கைப் போட்டதும் திரையின் ஒளி குறைகிறதா என்பதையும் சோதித்துவிட வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழி அறிவதற்காக மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. முகவரியைத் தட்டச்சு செய்வதற்கான இடம் ஓடும் வாகனம் அல்ல. புறப்படும் முன்போ, ஓரமாக நிறுத்தியோ செய்ய வேண்டும். படம் பார்க்கும் வசதி ஓடும்போது இயங்காதபடி கைப்பிரேக்குடன் இணைக்கப்படும் வயரை, 'எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று கூறித் துண்டித்துத் தர முன்வருவோர் உண்டு. மறுத்துவிடுங்கள்.

காரின் காப்பீட்டு பாலிசி, வாங்கியபோது நிறுவனம் பொருத்திய பொருள்களையே பொதுவாகக் கருத்தில் கொள்கிறது. பின்னர் பொருத்திய மின்னணுக் கருவி திருடுபோனாலோ சேதமடைந்தாலோ இழப்பீடு பெற, அதன் மதிப்பைத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் செலுத்தியிருக்க வேண்டும். ரசீதை வாங்கி, பாலிசியைப் புதுப்பிக்கும்போது இதைச் சேர்க்கச் சொல்லலாம். வாரன்டி முடியாத காராக இருந்தால், வயர் வெட்டப்பட்டிருப்பதைக் காரணம் காட்டி மின்சாரக் கோளாறுகளுக்கான உரிமை மறுக்கப்படக்கூடும்.

கழற்றிய பழைய கருவியைக் கடையிலேயே விட்டுவிடுவோர் பலர். காரை விற்கும் நாளில், வாங்குபவர் நிறுவனத்தின் அசல் கருவியைக் கேட்கக்கூடும் என்பதால் அதை வீட்டில் வைத்திருப்பது நல்லது. விற்றுவிடுவதாக இருந்தால், கழற்றும் முன்பே அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அனைத்தையும் அழித்துவிட வேண்டும். அந்தத் திரைக்குப் புதிய சாலைகள் தெரியாமல் இருக்கலாம். பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த தொலைபேசி எண்களும், 'வீடு' என்ற பெயரில் பதிந்த முகவரியும் அதற்குத் தெரியும்.