டைனமோ போச்சு, ஆல்டர்னேட்டர் வந்தாச்சு! ஒயரை மாத்தினீங்களா?
பழைய கார்களில் பதுங்கியிருக்கும் தீ ஆபத்து

சென்னை:
பழைய அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருப்பவரா நீங்கள்? டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கிறீர்களா?

அப்படியானால் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். ஹெட்லைட் போட்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆல்டர்னேட்டரிலிருந்து போகும் தடித்த ஒயரைத் தொட்டுப் பாருங்கள். என்ஜினை ஒட்டிய பக்கம் வேண்டாம், தள்ளி நடுவில் தொடுங்கள்.

ஒயர் சுடுகிறதா? ஆபத்து உங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

புதுப்பேட்டைக்குப் படையெடுப்பு

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு வண்டிகளோ இன்னும் பழைய கதை. ஆனாலும் அப்பா ஓட்டிய கார், தாத்தா வாங்கிய கார் என்று ஆசையாய் வைத்திருப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர்.

இவர்களுக்கு முதல் தலைவலி டைனமோ. அது படுத்துவிட்டால் கூவம் ஓரத்துப் புதுப்பேட்டைக்கும், மவுண்ட் ரோடு பக்கம் ஜி.பி. ரோட்டுக்கும் அலைய வேண்டும். அலைந்து சலித்தவர்கள், "ஆல்டர்னேட்டரே போட்டுடலாம்" என்று முடிவு கட்டுகிறார்கள். பிராக்கெட் அடித்து மாருதி வண்டி ஆல்டர்னேட்டரைப் பொருத்துவதும் உண்டு.

முடிவு சரியான முடிவுதான். அதில் சந்தேகமே இல்லை!

சிக்னலில் மங்கும் விளக்கு

டைனமோ வேகமாய்ச் சுற்றினால்தான் கரண்ட் தரும். சிக்னலில் வண்டி நின்றால் அதுவும் தூங்கிவிடும். அந்த நேரம் ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் காயில் எல்லாவற்றுக்கும் பேட்டரிதான் படியளக்க வேண்டும். மழை நாளில், ராத்திரி நெரிசலில், வீடு போய்ச் சேருவதற்குள் பேட்டரி காலி!

அந்தக் காலத்து லூகாஸ் சி-40 டைனமோவின் முழுச் சக்தியே சுமார் 22 ஆம்பியர். இப்போது எல்லாரும் போடும் 60 வாட் ஹாலஜன் பல்பு இரண்டே 10 ஆம்பியரை விழுங்கிவிடும்.

ஆல்டர்னேட்டர் அப்படி இல்லை. இதில் உள்ளே சுற்றும் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். பெரிய கரண்ட், நிலையாய் நிற்கும் காயிலிலிருந்து வரும். அதனால் சின்ன புல்லி போட்டு வேகமாய்ச் சுற்ற விடலாம். வண்டி நின்றாலும் சார்ஜ் ஆகும். 45, 50 ஆம்பியர் கூடக் கிடைக்கும்.

வினை எங்கே?

வினை இங்கேதான்! பழைய ஒயர் 22 ஆம்பியருக்குத் தக்கபடி போட்ட ஒயர். அதற்கு வயதும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேல் உறை காய்ந்து வெடித்திருக்கும்.

பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, ஹெட்லைட்டும் எரிகிறது என்று வையுங்கள். புது ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்தமட்டும் அள்ளிக் கொடுக்கும். 22 ஆம்பியர் ஒயரில் 45 ஆம்பியர் பாயும். ஒயர் சுடும், உறை உருகும், இரும்பு பாடியில் உரசும். அப்புறம் புகை... தீ!

பியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது! இந்தப் பழைய வண்டிகளில் ஹார்ன், வைப்பர், விளக்குகளில் சிலவற்றுக்குத்தான் பியூஸ். சார்ஜ் ஆகும் பெரிய ஒயருக்குப் பியூஸே கிடையாது.

ஆல்டர்னேட்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், இரண்டு மீட்டர் ஒயருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். "பழைய ஒயரே தாங்கும் சார்" என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. நம்பாதீர்கள்!

எப்படி மாற்றுவது?

முதலில் பேட்டரியில் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் அச்சில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இப்போதைய ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். மாற்றாமல் மாட்டினால், இணைத்த நொடியிலேயே உள்ளே இருக்கும் டயோடுகள் போயிடும்.

அடுத்து, சுவரோரம் இருக்கும் கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலை இல்லை. அதில் ஏ, ஏ-1 என்று இருக்கும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் விளக்குக்கும் ஹார்னுக்கும் கரண்ட் போகும். எப் ஒயரை மூடிக் கட்டிவிடலாம். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கின் ஒயரை டி முனையிலிருந்து எடுத்து ஆல்டர்னேட்டரின் சின்ன முனையில் கொடுக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு பல்பு வெறும் அலங்காரம் அல்ல! அதன் வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது. பல்பு பியூஸ் போனால் சார்ஜும் மக்கர் பண்ணும்.

கடைசியாகத் தடித்த ஒயர். 45, 50 ஆம்பியருக்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் புதிதாய்ப் போடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரி பாசிட்டிவுக்குப் போகட்டும். பேட்டரி பக்கத்திலேயே 60 ஆம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்குங்கள்.

இப்படி மாட்டினால் ஆம்ப் மீட்டர் முள் எப்போதும் மைனஸ் பக்கமே சாயும். பயம் வேண்டாம். புது ஒயர் மீட்டர் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒரு வோல்ட் மீட்டர் போடுங்கள். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் நல்லது. 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும்.

பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொளதொளத்தால் வழுக்கும்.

இதை மட்டும் செய்ய விடாதீர்கள்!

சில மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, "பாருங்க சார், வண்டி ஓடுது, சார்ஜ் ஆகுது" என்பார்கள். டைனமோ காலத்தில் அது செல்லும். ஆல்டர்னேட்டரில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் எகிறி டயோடுகள் காலியாகும். வெல்டிங் வைப்பதானாலும் முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட வேண்டும்.

எல்லாம் மீறிப் புகை வந்துவிட்டால்? ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லாரும் இறங்கி விலகுங்கள். பானெட்டை விரியத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ பாயும். 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

ஆல்டர்னேட்டர் மாட்டி நாளாகிவிட்டதா? பரவாயில்லை. ஒயரும் பியூஸும் இன்றைக்குப் போட்டாலும் போதும். அரை நாள் வேலை. தாத்தா வாங்கிய காரில் பேரப்பிள்ளைகளும் ஏறுகிறார்களே!