இவர்கள் நோயாளிகள் அல்ல, உறுப்பினர்கள்! - ஆறாத கால் புண்ணுக்கு ஒரு கிளப்

மாதக்கணக்கில் ஆறாத கால் புண். வலியைவிட, அதிலிருந்து வரும் வாடைதான் பலரை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடுகிறது. பக்கத்தில் உட்காருபவர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம்!

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சமூக செவிலியராக இருந்த எல்லி லிண்ட்சே, புண்ணோடு தனிமையும் சேர்ந்து முதியவர்களை வாட்டுவதைக் கவனித்தார். 1995-ல் அவர் தொடங்கியதுதான் 'லெக் கிளப்'.

மருத்துவமனையில் அல்ல, ஊர்ப் பொதுக்கூடம் போன்ற இடங்களில் இது நடக்கிறது. அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை. வருபவர்களை நோயாளிகள் என்று சொல்வதில்லை, உறுப்பினர்கள். டீ, அரட்டைக்கு நடுவே, பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து கால் கழுவி, கட்டுப்போட்டுக்கொள்கிறார்கள். தன்னைப் போலவே இன்னொருவரும் இருக்கிறார் என்று தெரிந்ததுமே பாதி கூச்சம் போய்விடுகிறது.

சிகிச்சை மட்டும் கறாரானது. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரைகளின் வால்வுகள் பழுதானால், ரத்தம் காலிலேயே தேங்கும்; புண் ஆறாது. அதற்குத்தான் பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அழுத்தக் கட்டு. அதற்கு முன் டாப்ளர் கருவியால் தமனி ரத்த ஓட்டத்தைச் சோதிப்பார்கள். தமனியில் அடைப்பு இருந்தால், இறுக்கமான கட்டே காலுக்கு ஆபத்தாகிவிடும். எனவே, வீட்டில் நாமாக இறுக்கிக் கட்டக் கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இந்த வகைப் புண், ஆறினாலும் திரும்ப வரக்கூடியது. அதனால், குணமானவர்களும் காலைப் பரிசோதித்துக்கொள்ள கிளப்புக்கு வருகிறார்கள். கட்டு அவிழ்ந்த பிறகும் அவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது!