உபதொழில் உதவியா, உபத்திரவமா?

ஒரு வித்தையை முயன்று கற்றுப் பிழைப்பவன், அதனோடு வேறொரு வேலையையும் மேற்கொள்ளலாமா? 2022-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி நம் தேசத்தின் கம்ப்யூட்டர் தொழிலைக் கலக்கியது. போட்டி ஸ்தாபனங்களுக்கு மறைவாக வேலை செய்த 300 பேரை நீக்கிவிட்டதாக விப்ரோ கம்பெனியின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி அவ்வாண்டு செப்டம்பரில் பகிரங்கமாகக் கூறினார். அதற்கு முந்திய மாதமே, ஸ்விக்கி கம்பெனி சில நிபந்தனைகளின் பேரில் தன் சிப்பந்திகள் வேறு வேலை செய்ய இடமளித்தது. ஓரிடத்தில் குற்றமாவது மற்றோரிடத்தில் உரிமையாகிறது. நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது?

உபதொழில் என்ற சொல் நமக்குப் புதிதன்று. காந்தியடிகள் ராட்டையை உழவனின் உபதொழிலாகவே நாட்டின் முன் வைத்தார். வயலில் வேலையின்றி மாதக்கணக்கில் கை சும்மா இருப்பதைக் கண்டே அவ்வாறு கூறினார். தக்க வருவாயுள்ள தொழிலாளி அதை விட்டு நூற்க வரவேண்டும் என்பது அவர் கருத்தன்று. வீணாகும் பொழுதை நிரப்பும் உபதொழில் பிரதான தொழிலைத் தாங்கும். உறங்கவேண்டிய பொழுதைத் தின்னும் உபதொழிலோ அதை அரித்துவிடும்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இந்த அபாயத்துக்கு இடங்கொடுக்கவில்லை. வாரத்துக்கு 48 மணி என வேலைக்கு வரம்பு கட்டிய அச்சட்டம், ஒரு தொழிற்சாலையில் உழைத்த நாளிலேயே வேறொரு தொழிற்சாலையில் உழைப்பதையும், விதிவிலக்கான சந்தர்ப்பங்கள் தவிர, தன் 60-ஆம் பிரிவில் தடுத்தது. இரண்டு இடங்களில் உடல் தேய்ந்தால், நேர வரம்பு ஏட்டளவில்தானே நிற்கும்?

எனினும் எல்லா உபதொழிலும் சோர்வில் முடிவதில்லை. அமெரிக்காவில் ஹ்யூலெட் பாக்கார்டு கம்பெனியில் கணக்கிடும் கருவிகளை வடிவமைத்து வந்த ஸ்டீவ் வாஸ்னியாக், ஓய்வு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கினார். 1976-இல் ஆப்பிள் என்ற பெயரில் முதன்முதல் வெளிவந்தது அதுவே. அவர் அதை ஒளிக்கவில்லை, தம் கம்பெனிக்கே அளிக்க முன்வந்தார், கம்பெனிதான் ஏற்கவில்லை. பகலில் செய்ததையே இரவில் இன்னொருவருக்கும் செய்து கொடுத்திருந்தால் அவருக்குப் பணம் சேர்ந்திருக்கலாம், வித்தை வளர்ந்திராது.

நம் இளைஞர்கள் இரண்டாவது வேலையைத் தேடிப் போனது ஏன் என்பதையும் பார்க்கவேண்டும். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புதிதாகச் சேருவோரின் சம்பளம், விலைவாசி ஏறிய பத்தாண்டுகளிலும், வருஷத்துக்குச் சுமார் 3½ லட்சம் ரூபாயை ஒட்டியே தேங்கி நின்றது. வீட்டு வாடகையும் கல்விக் கடனும் கழுத்தை நெரிக்கும்போது, விசுவாசத்தைப் பற்றிய உபதேசம் யார் காதில் ஏறும்?

மேலும், 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஒருவர் 20 கம்பெனிகள் வரை டைரக்டராக இருக்கலாம். முழுநேர ஊழியமும் டைரக்டர் பதவியும் ஒன்றல்ல என்பது மெய்தான். ஆனால் அச்சட்டமே டைரக்டர்கள் தமக்குள்ள பிற தொடர்புகளை நிர்வாக சபைக்கு வெளிப்படுத்தவேண்டும் என்றும் விதிக்கிறது. பல இடங்களில் பதவி வகிப்பதை அது பாபமாகக் கருதவில்லை, மறைப்பதையே தடுக்கிறது. மேலே இருப்பவருக்குரிய இந்த நீதி கீழே இருப்பவருக்கு மட்டும் ஏன் கிட்டக்கூடாது?

ஆகவே, போட்டியாளருக்கு ஒளிவாக உழைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. தொழில் ரகசியம் காக்கப்படவேண்டியதே. ஆனால் எது கூடும், எது கூடாது என்பதை முதலாளிகள் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கட்டும். பகிரங்கமாகக் கேட்பவனுக்குத் தண்டனையின்றி விடை அளிக்கட்டும். ஒரே வேலையில் குடும்பம் நடத்தப் போதிய ஊதியம் கொடுக்கட்டும். தொழிலாளியும் இரண்டாம் வேலையை ஏற்குமுன் ஒன்றை யோசிக்கவேண்டும்: ஓராண்டு கழிந்தபின் தன் கைவசம் மிஞ்சப்போவது புதிய திறமையா, அல்லது கெட்டுப்போன உறக்கம் மட்டுந்தானா?