மூன்று சென்டிமீட்டரில் ஓர் அத்தாட்சி

வானையும் மலையையும் கண்டு வியக்கும் நாம், சுண்டுவிரலினும் சிறிய ஓர் உயிரைக் குறித்துச் சற்றே சிந்திப்போமா?

வெப்பக் கடல்களின் மேற்பரப்பில் மிதந்து வாழும் ஒரு கடல் நத்தை இனத்தை 'நீல டிராகன்' என்பர். கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் என்பது இதன் அறிவியற் பெயர். நத்தையினத்தைச் சேர்ந்ததாயினும் இதற்கு ஓடு இல்லை. முழு வளர்ச்சி பெற்றாலும் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். உடலின் இருமருங்கும் விரல்களைப் போன்ற கிளைகள் விரிந்திருக்கும்.

காற்றுக் குமிழை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு இது தலைகீழாக மிதக்கிறது. வானை நோக்கிய வயிற்றுப்புறம் நீல நிறம்; பறக்கும் பறவைக்கு அது கடல்நீராகவே தோன்றும். ஆழத்தை நோக்கிய முதுகுப்புறம் வெள்ளி நிறம். கீழிருந்து நோக்கும் மீனுக்கு அது ஒளி படர்ந்த நீர்ப்பரப்பாகவே தெரியும். ஒரே உடலுக்கு இரு திரைகள்! ஸுப்ஹானல்லாஹ்!

இதன் உணவோ இன்னும் வியப்பானது. சொறிமீனைப் போல் தோன்றி, நீண்ட நச்சு இழைகளால் மனிதரையும் துடிக்கச் செய்யும் 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' என்ற உயிரை இது தின்கிறது. அந்நஞ்சு இதற்குத் தீங்கு செய்வதில்லை. மாறாக, அந்த இரையின் கொட்டும் உயிரணுக்களைத் தன் கிளைகளின் நுனிகளில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக்கிக் கொள்கிறது!

பெற்றோர்களே, இங்குதான் எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் இவ்வுயிர்கள் ஒதுங்கின. 2025 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டின் குவார்டமார் கடற்கரையில் இவற்றைக் கண்டதும் நீராடத் தடை விதித்தனர். பொம்மை போன்ற இதன் அழகு பிள்ளைகளின் கையை ஈர்க்கும். செத்துக் கிடந்தாலும் கொட்டும் ஆற்றல் எஞ்சியிருக்கும், எனவே தொடலாகாது. கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

படைப்புகளைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. இச்சிற்றுயிரைச் சிந்தித்தால் ஓர் உண்மை விளங்கும். இது கொட்டுவது தான் உண்டதைக் கொண்டே! மனிதனும் அவ்வாறன்றோ? வீட்டில் புறம் பேசக் கேட்டு வளரும் பிள்ளையின் நாவு, நாளை யாரைக் கொட்டும்? ஹராமான சம்பாத்தியத்தில் வளரும் உள்ளத்திலிருந்து எது வெளிப்படும்? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த உயிர் நஞ்சை உண்பது இறைவன் அதற்கு விதித்த வாழ்வு. நமக்கோ, எதை உட்கொள்வது, எதை விலக்குவது எனத் தேர்ந்தெடுக்கும் அறிவை அவன் அருளியிருக்கிறான். அதைக் குறித்து நாளை மறுமையில் கேள்வியும் உண்டு.

நம் இல்லங்களில் நல்லதையே ஊட்டி வளர்க்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.